முப்பத்து நான்காம் விண்ணப்பம்

ஜங்லிகாட் டீக்கடையில் இரண்டே பேர் நின்றாலும் அவர் கேட்பார், "யாரு முன்னாடி வந்தது?" முன்னால் வந்தவர் கைக்குக் கிளாஸ் போன பிறகுதான் தன் கையை நீட்டுவார். கடைக்காரர் பெங்காலி. "தாதா, தூத் தோ ஏக் ஹி ஹை," என்று சிரிப்பார். பால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று அர்த்தம். இவர் சிரிக்க மாட்டார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

ஊரில் அவருக்குக் கவுன்டர் சார் என்று பெயர். சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும்தான் இருந்திருக்கும். கடல் தாண்டிச் சென்னைப் பக்கம், அதாவது மெயின்லேண்ட், போகிற கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். இந்தத் தீவில் கல்யாணம், சாவு, காலேஜ் அட்மிஷன், ஆஸ்பத்திரி எல்லாமே அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் போயாக வேண்டும். கப்பல் தேதியைப் போர்டில் ஒட்டிய நிமிஷத்தில் வரிசை முளைத்துவிடும். ஆளுக்குப் பதிலாகச் செருப்பு நிற்கும், குடை நிற்கும், தண்ணீர் கேன் நிற்கும். ஒரு தடவை ஒரு பிரஷர் குக்கர் நின்றது. "குக்கருக்கு டிக்கெட் குடுக்க ரூல் இல்ல. ஆளு வரட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.

பெரிய அதிகாரி ஒருவர் தன் வீட்டாருக்கு இரண்டு டிக்கெட் வேண்டும் என்று பியூனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் 'வரிசையில் உங்கள் எண் என்ன?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் இவர். கொஞ்ச நாளில் இவரைத் தூரத்துத் தீவு ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே படகு ஏறும் ஜெட்டியில் மொத்தமே பத்துப் பேர்தான் ஏறுவார்கள். அந்தப் பத்துப் பேரையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

இந்தக் கதைகளை எல்லாரும் பெருமையாகத்தான் சொல்வார்கள். அவர் மனைவி எனக்குச் சொன்ன கதையில் பெருமை இல்லை. அந்த அக்காவின் தம்பிக்கு மெயின்லேண்டில் கல்யாணம். புருஷன் உட்கார்ந்திருக்கும் கவுன்டரிலேயே அக்கா வரிசையில் நின்றிருக்கிறார். இன்னும் நாலு பேர் முன்னால் நிற்கும்போது டிக்கெட் தீர்ந்துவிட்டது.

"'ஏங்க, நான்தாங்க'ன்னேன். 'தெரியுது, அடுத்த கப்பல் பதினெட்டாம் தேதி'ன்னு சொல்லி ஜன்னலை மூடிட்டாரு. கல்யாண போட்டோல நான் இல்ல. எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுச்சு, நீ மட்டும் ஏன்டி வரலைன்னு."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். சிரித்ததால் நானும் இரண்டு பீன்ஸை எடுத்து நார் உரித்தேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கும் ஊரில் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் கச்சால் தீவின் ரப்பர் எஸ்டேட்டில் இருந்தாராம். ஒரு நாள் முழுக்க ஜெட்டியில் நின்ற அவருடைய அப்பாவை விட்டுவிட்டு, மேஸ்திரிக்கு வேண்டியவர்களைக் கப்பலில் ஏற்றினார்களாம். அவரிடமே கேட்டேன். "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லை தங்கச்சி. வரிசைன்னா வரிசைதானே, அதுல என்னா இருக்கு," என்றார். ஆக, அது நாங்களாகவே கட்டிக்கொண்ட கதை. ஒரு மனிதர் கறாராக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இல்லாமல் நம்மால் தூங்க முடிவதில்லை.

நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க். பள்ளியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் முழுவதையும் தள்ளுபடி செய்வது எங்கள் பள்ளி வழக்கம். முன்பெல்லாம் யாருக்கு யாரைத் தெரியுமோ அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு வருஷம் சலுகை வாங்கிய கான்ட்ராக்டர் ஒருவர் அந்த உத்தரவுக் கடிதத்தை வாங்குவதற்குப் புதுக் காரில் வந்து இறங்கினார். அன்றைக்கு மற்ற பெற்றோர்கள் கேட்டை மறித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை அடக்கத்தான் மேனேஜ்மென்ட், ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த கவுன்டர் சாரைக் கூப்பிட்டுத் தேர்வுக் குழுவின் தலைவராக உட்கார வைத்தது. குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே போடுவது அவர்கள் வேலை. பெற்றோர்கள் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

வந்த முதல் நாளே வருமானச் சான்றிதழ்களை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தார். "இதுல எல்லாரும் ஒரே மாதிரி ஏழையா இருக்காங்க. இது வேலைக்கு ஆகாது," என்றார். அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்வி. கடைசியாக மெயின்லேண்டுக்கு எதில் போனீர்கள்?

அவர் கணக்கு எளிமையானது. தீவில் இருக்கிற யாரும் எப்போதாவது மெயின்லேண்ட் போகாமல் இருக்க முடியாது. இல்லாதவர்கள் கப்பலின் அடித்தட்டில் பங்க் வகுப்பில் மூன்று நாள் கிடந்து போவார்கள். கொஞ்சம் இருப்பவர்கள் கேபினில் போவார்கள். இருப்பவர்கள் விமானத்தில் போவார்கள். "சம்பளத்தை மறைக்கலாம், வீட்டை மாத்திக் காட்டலாம். கடலைத் தாண்டினதை மறைக்க முடியாது," என்பார். பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதற்கும் வழி வைத்திருந்தார். எந்தக் கப்பல், பங்க் எந்த டெக், சாப்பாட்டு வரிசை எதுவரைக்கும் நிற்கும் என்று கேட்பார். பங்க்கில் போகாதவன் சாப்பாட்டு வரிசையில் மாட்டிக்கொள்வான்.

முதல் வருஷம் பெயர்களைப் பார்த்து ஊரே மெச்சியது. இரண்டாம் வருஷத்துக்குள் கேள்வி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு நானும் ஒரு காரணம். ஃபாரம் வாங்க வருகிறவர்கள் ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்து, "மேடம், க்யா லிக்னா ஹை?" என்பார்கள். என்ன எழுதணும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்கும்போது எப்படிச் சும்மா இருப்பது. "பிளேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பங்க்னு சொல்லுங்க. சாப்பாட்டு லைன் படிக்கட்டுக்குக் கீழ வரைக்கும் வரும்னு சொல்லுங்க," என்று சொல்லிக் கொடுத்தேன். நான் எத்தனையோ தடவை அந்த வரிசையில் தட்டோடு நின்றவள். பாவப்பட்டவர்களுக்கு உதவுகிறேன் என்றுதான் அப்போது எனக்கு நினைப்பு. என் நாத்தனாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவள் புருஷனுக்கு அரசாங்க வேலை, வருஷம் தவறாமல் விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள். அவளையும் பாவப்பட்டவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த இரண்டாம் வருஷம் முப்பத்து நான்கு விண்ணப்பங்கள் வந்தன. கடைசி விண்ணப்பம் சகாயம் அக்காவுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் விடிவதற்குள் ஃபெர்ரி பிடித்து வந்து ஜங்லிகாட் மார்க்கெட்டில் மீன் விற்று, வெயில் ஏறியதும் திரும்பிப் போவாள். புருஷன் முன்பு படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது வீட்டோடு இருந்தார். மகள் ஜெனி எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அதுவரை எப்படியோ ஃபீஸைக் கட்டிவந்தவள் அந்த வருஷம்தான் சலுகை கேட்டு வந்தாள். கடைசி நாள், நாங்கள் ஜன்னலை மூடப் போகிற நேரத்தில் ஃபாரத்தை வைத்தாள். மகளே நிரப்பிய ஃபாரம், அழகான கையெழுத்து. நான் நம்பர் போட்டு வாங்கிக்கொண்டேன்.

குழு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுகிற அன்று நான் ஓரத்தில் உட்கார்ந்து பதில்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சகாயம் அக்கா உள்ளே வந்தாள்.

"கடைசியா மெயின்லேண்ட் எதுல போனீங்க?"

"பிளேன்ல சார்."

என் பேனா நின்றுவிட்டது.

"திரும்பி வந்தது?"

"அதுவும் பிளேன்லதான்."

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. "வாரேன் சார்" என்று அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டு பேர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியபோது, கிடைக்காதவர்கள் பெயருக்கு நேரே காரணமும் எழுதியிருந்தது. முப்பத்து நான்காம் எண்ணுக்கு நேரே 'விமானப் பயணம்' என்று இருந்தது. பட்டியலில் என் நாத்தனார் மகள் பெயரும் இருந்தது.

மறுநாள் ஆட்சேபம் சொல்ல வந்தவர்களை வராந்தாவில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்தார். சகாயம் அக்கா நாலாவது ஆள். மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"பிளேன்ல போனேன்னு எழுதியிருக்கு சார். அது நெசம்தான். ஏன் போனேன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல அடைப்பு. சென்னைக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாவ. கப்பல் டிக்கெட்டுக்கு உங்க கவுன்டர்லதான் மூணு நாளு நின்னேன். மொத நாளு, பேப்பர்ல ஒரு சீல் இல்லன்னு திருப்பி அனுப்பினீய. மறுநாளு சீல் வாங்கிட்டு வந்தேன், கடைசியில போய் நில்லுன்னு சொன்னீய. மூணாம் நாளு எனக்கு முந்தி ஒம்பது பேரு நிக்கும்போது டிக்கெட் தீந்துபோச்சி. பொறவு மார்க்கெட்டுப் பொம்பளையளு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டு எங்கள பிளேன்ல ஏத்திவிட்டாவ."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ரவுண்டு சீல்," என்றார்.

"ஆமா சார். ரவுண்டு சீல்தான் இல்ல."

"பச்சைச் சேலை. கையில பிளாஸ்டிக் ஃபைல்."

"இருக்கும் சார்." அவள் குரலில் கோபம் இல்லை. "ஆளு பொழைச்சிட்டாவ. ஆனா இனிமே கடலுக்குப் போவ முடியாது. பிள்ள பத்தாவது வரைக்குமாவது இங்கயே படிக்கட்டும் சார். மூணு வருஷம்தான். நல்லா படிக்கா."

ரூல் ஒன்றையும் அவர் மீறவில்லை. கவுன்டரில் உட்கார்ந்து இவளுக்குக் கப்பலை இல்லாமல் செய்தவரும் அவர்தான், கப்பலில் போகாத குற்றத்துக்குப் பள்ளியை இல்லாமல் செய்தவரும் அவர்தான்.

அன்றே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். "நான் தப்பா அளந்துட்டேன். முப்பத்தி நாலு பேரையும் முதல்ல இருந்து பாக்கணும். வீட்டுக்கே போய்ப் பாக்கலாம்," என்று மேனேஜ்மென்டிடம் சொன்னார். பட்டியலை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பட்டியலில் இல்லாதவர்கள் முடிவு வரும்வரை வழக்கம்போல ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், கட்டாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சகாயம் அக்காவுக்குக் கெடு இரண்டு மாதம்.

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறுபது தாண்டிய மனிதர் மேட்டில் ஏறும் வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கும். எந்த வீட்டிலும் உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார். "ஒரு வீட்ல குடிச்சா எல்லா வீட்லயும் குடிக்கணும் தங்கச்சி," என்பார். உள்ளே நுழைந்து டிவி இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று துழாவுகிற வேலையும் கிடையாது. வாசலில் நின்றபடி, "குழாய்ல தண்ணி வராத நாள்ல என்னா செய்வீங்க?" என்று மட்டும் முதலில் கேட்பார். லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள், பக்கத்து வீட்டில் கேட்கிறவர்கள், குளிக்காமல் இருந்துகொள்கிறவர்கள் என்று பதிலிலேயே வீடு தெரிந்துவிடும். மற்ற விவரங்களை அதன் பிறகு கேட்பார்.

பதினோராம் நம்பர் விண்ணப்பம் ஹேடோ குவார்ட்டர்ஸ். என் நாத்தனார் வீடு. நான் வரவில்லை, தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போனார். வாசலில் அவரைப் பார்த்ததும் நாத்தனாருக்கு வாய் குழறியது. அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நாங்க பங்க்லதான் சார் போவோம். சாப்பாட்டு லைன் படிக்கட்டுக்குக் கீழ வரைக்கும் வரும்," என்று ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"அந்தக் கேள்விய எடுத்துட்டேம்மா," என்றார் அவர்.

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி, நீங்கதான இதைச் சொல்லச் சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபைலில் ஏதோ எழுதினார். திரும்பும்போது ஆட்டோவில் நான் அழுகிற நிலையில் இருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஜங்லிகாட் திருப்பம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஏழெட்டுப் பேருக்கு இருக்கும் சார்."

"அந்த மீன்கார அம்மாவுக்கு ஏன் சொல்லலை?"

"அவங்க கேக்கல சார்."

அது உண்மையில் பாதி. மீதியை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அன்று ஜன்னலில் அவள் நின்றபோது மீன் வாடை அடித்தது. சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

"சார், இப்ப ஒரு இடம் காலியாயிடுச்சே. இப்பவே ஃபெர்ரி பிடிச்சு பாம்பூஃப்ளாட் போயிடலாம். அவங்க கஷ்டம் நமக்குத்தான் தெரியுமே," என்றேன்.

"அவங்க நம்பர் முப்பத்தி நாலு."

"தப்பு நம்ம மேலதானே சார் இருக்கு?"

"அதனாலதான் தங்கச்சி. என் மனசு ஒருத்தருக்காக அடிச்சுக்கும்போதுதான் நான் ஜாக்கிரதையா இருக்கணும். பன்னெண்டு, பதிமூணாம் நம்பர்ல இவங்களவிட இல்லாதவங்க இருந்தா? பாக்காம எப்படிச் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பதினேழாம் நம்பர் வீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தகர ஷெட்டில் இருந்தாள். முதல் பட்டியலில் அவள் பெயரே இல்லை, ஏனென்றால் அவள் மெயின்லேண்ட் போனதே இல்லை. நியாயம் பார்த்தால் அவர்தான் சரி. ஆனால் எனக்குள் ஒருத்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள். ஒரு சனிக்கிழமை மழையில் போக முடியவில்லை. இன்னொரு சனிக்கிழமை ஒரு வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றேன். அந்த வீட்டு ஆள் வரட்டும் என்று வாசல் படியில் ஒரு மணி நேரம் நின்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

நாங்கள் இருபத்தெட்டாம் நம்பரில் இருந்தபோது கெடு முடிந்தது. சகாயம் அக்கா வந்து டிசி எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நான்தான் டைப் செய்ய வேண்டும். டைப் செய்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, பிரின்சிபல் கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டு நாள் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், "பிள்ளைக்கு அங்க பாடம் போயிட்டிருக்கு தாயி," என்றாள். கொடுத்துவிட்டேன். ஜெனி பாம்பூஃப்ளாட் பக்கமே அரசாங்கப் பள்ளியில் சேர்ந்தாள். அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். "நம்பர் இன்னும் இருக்கு. இடம் கிடைச்சா திரும்பி வரலாம்ல," என்றார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வீடு பார்க்கப் போனோம். நம்பரைத் தாண்டாமல் அவரால் செய்ய முடிந்த அவசரம் அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. புதுப் பட்டியலைப் பற்றி இன்று வரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. தெலுங்குக்கார அம்மாவின் பெரிய பையன் இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கவுன்டர் சார் அந்த வருஷத்தோடு குழுவை விட்டு விலகி, மறு வருஷம் மனைவியோடு மெயின்லேண்டில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். ஆபீஸ் ஜன்னலில் இன்னும் தலையை நுழைத்து என்ன எழுதணும் என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லி அனுப்புகிறேன். சொன்ன பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடுவதில்லை. பாம்பூஃப்ளாட்டில் நடந்ததைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வீடு அதுதான். சாத்தமில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் இறங்கி, மேட்டு வழியில் கொஞ்ச தூரம் நடந்தோம். சிமென்ட் பூசாத சுவர், மேலே தகரம். உள் அறையிலிருந்து, "யாரு?" என்று ஆண் குரல் கேட்டது. "ஸ்கூல்ல இருந்து வந்திருக்காவ," என்றாள் சகாயம் அக்கா. எங்களுக்கு நாற்காலி போட்டாள். அவர் வழக்கம்போல வாசலிலேயே நின்றார்.

முப்பத்து மூன்று வீட்டில் கேட்டதை ஒன்று விடாமல் இங்கேயும் கேட்டார். தண்ணீர் வராத நாளில் என்ன செய்வீர்கள், வீட்டில் எத்தனை பேர், மருந்துக்கு எங்கே போகிறீர்கள். அக்கா நிதானமாகப் பதில் சொன்னாள். எழுதி முடித்து, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு வீட்டு வாசலிலேயே முடிவு சொன்னது அன்று ஒரு தடவைதான்.

"எல்லா வீடும் பாத்தாச்சு. உங்களுக்கு இடம் இருக்கும்மா. பத்தாவது முடியற வரைக்கும். பிள்ளையத் திரும்பச் சேத்துடுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத நீங்க மொதல்லயே வந்து சொல்லியிருக்கலாமே சார்," என்றாள்.

"உங்க நம்பர் முப்பத்தி நாலும்மா."

"அது சரிதான். எனக்கு முந்தி முப்பத்தி மூணு பேரு இருந்தாவளே." நிஜமாகவே ஒப்புக்கொண்ட மாதிரிதான் சொன்னாள். உள்ளே பார்த்து, "ஏய் ஜெனி, சாரு சொல்லுதது கேட்டுதா?" என்றாள்.

ஜெனி கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். பதின்மூன்று வயது. அவளை ஃபாரத்தில் கையெழுத்தாகத்தான் எனக்குத் தெரியும், அன்றுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

"வேண்டாம் சார். நான் வரல."

"ஏம்மா? அங்க படிப்பு நல்லா இருக்குமே."

"இருக்கும் சார். இங்க எங்கம்மாவ யாரும் நிக்க வைக்கல. டிசியக் குடுத்தோம், உள்ள போய் உக்காருன்னு சொன்னாங்க."

"பெரியவங்ககிட்ட பேசுத பேச்சாளா இது?" என்று அக்கா பதறினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திட்டாதீங்க." ஜெனியைப் பார்த்து, மேலதிகாரிக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். "கவுன்டர்ல மூணு நாள் நிக்க வச்சேன். இந்த இடத்துக்கு ரெண்டு மாசம். உன் கணக்கு சரிதான்." ஃபைலை மூடினார். "நான் வேற மாதிரி எப்படிம்மா செஞ்சிருக்கணும்?"

அவர் நிஜமாகவே கேட்டார். பதில் தெரியாமல் கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. ஜெனி அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியல சார். எனக்கு டியூஷனுக்கு நேரமாச்சு," என்றாள்.

வாசலை மறித்து நின்றிருந்த அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் இறங்கிப் போனாள்.